விண்டோஸ் போடும்போது எந்தத் திரையில் நின்றது?

"ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டேன், பாதியிலேயே நின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால், பிழை எண் என்ன என்று கேட்பதைவிட எந்தத் திரை வரைக்கும் வந்தது என்று கேட்பதுதான் பயன். இன்ஸ்டாலர் வைத்த தம்ப் டிரைவே பூட் ஆகவில்லையா? பூட் ஆகி, டிஸ்க் பட்டியல் காலியாக இருந்ததா? கோப்புகளை நகலெடுக்கும்போது நின்றதா? ரீஸ்டார்ட் ஆனபிறகா? இல்லை, எல்லாம் முடிந்து பெயரும் வைஃபையும் கேட்கும் இடத்திலா? ஒரே பிழை எண்ணுக்கு நாலைந்து காரணங்கள் இருக்கும். நின்ற இடத்தை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கெடு. அதனால்தான் இப்போது வீட்டுக்கு வீடு பழைய மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே கட்டளைகளையும் மெனு பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

பயாஸில் கைவைக்கும் முன்

கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்திருப்பீர்கள். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவியை எடுத்தீர்களா? பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்ட பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. ஹோம் பதிப்புக்கும் இது உண்டு. நீங்கள் பூட்டியதாக நினைவே இருக்காது. பிறகு பயாஸில், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் காவல்) மாற்றுவீர்கள், அல்லது சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பில் இருப்பதை அழிப்பீர்கள். அடுத்த முறை நீலத் திரை வந்து 48 இலக்கம் கேட்கும், ஆறாறாக எட்டுத் தொகுதிகள். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் புகைப்படங்களை எந்தக் கடைக்காரராலும் எடுத்துத்தர முடியாது.

சாவி வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்கள் பக்கத்தில் இருக்கும். கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அட்மினாகத் திறந்த கமாண்ட் விண்டோவில் 'மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -கெட் சி:' என்று கொடுத்தால் திரையிலேயே காட்டும். கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியிலேயே சேமித்து வைப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டு வருவது மாதிரி. பிறகு பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்துவிட்டுப் பயாஸுக்குப் போங்கள்.

தம்ப் டிரைவ் பூட் ஆகவில்லை

பூட் மெனு வரவில்லை என்றால் முதல் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினால் வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தால் விசையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. விசைதான் வேண்டுமென்றால்: டெல், லெனோவோ எஃப்12, எச்பி எஃப்9, ஏசுஸ் மடிக்கணினி எஸ்கேப், அதன் மதர்போர்டு எஃப்8, எம்எஸ்ஐ எஃப்11. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்ற வரியை முதலில் இயக்கவேண்டும்.

மெனு வந்து தம்ப் டிரைவ் அதில் இல்லை என்றால் பெரும்பாலும் தம்ப் டிரைவை உருவாக்கிய விதத்தில்தான் கோளாறு. தம்ப் டிரைவை ஃபார்மட் செய்யும் முறைகளில் ஒன்றான ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) திறந்து 'சோர்சஸ்' அடைவுக்குள் பாருங்கள்: 'இன்ஸ்டால்.விம்' என்ற ஒற்றைக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் நிற்கும். கையால் நகலெடுத்தால் அது மட்டும் ஏறாது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து நகலெடுத்தால் கோப்பு ஏறும், ஆனால் பல மதர்போர்டுகளின் யூஇஎஃப்ஐக்கு (பயாஸின் புதிய வடிவம்) என்டிஎஃப்எஸைப் படிக்கத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஒரு மாலைப்பொழுதை வீணாக்குபவர்கள் அதிகம்.

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் இறுக்கிச் சுருக்கிய கோப்பை இறக்குவதால் இந்தச் சிக்கலே வராது. 8 ஜிபி தம்ப் டிரைவ் போதும். ரூஃபஸ் என்ற கருவி வேறு வழியில் போகிறது: என்டிஎஃப்எஸ் பகுதியோடு, அதைப் படிக்கத் தெரிந்த ஒரு குட்டிப் பகுதியையும் கடைசியில் சேர்த்துவிடுகிறது. மேக்கிலிருந்து செய்பவர்கள் பலேனா எட்சரை எடுப்பார்கள். லினக்ஸுக்கு அது அருமையானது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு ஒத்துவராது. லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் அப்படியே வட்டில் ஊற்றும்படி தயாரிக்கப்பட்டவை, விண்டோஸுடையது அப்படி அல்ல.

தம்ப் டிரைவே போலியாகவும் இருக்கலாம். இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 1 டிபி, 2 டிபி தம்ப் டிரைவ்களில் பல உள்ளே சில ஜிபிதான் வைத்திருக்கும். எழுதுவதை எல்லாம் வாங்கிக்கொண்டு பழைய இடத்தின் மேலேயே திரும்ப எழுதும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற கருவிகள் உண்மைக் கொள்ளளவைக் காட்டிவிடும். நல்ல 32 ஜிபி தம்ப் டிரைவ் கிட்டத்தட்ட ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைதான். இதில் சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

"இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது" என்ற திரை வந்தால் உடனே கணினியைத் தூக்கிப் போடாதீர்கள். இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட பல மதர்போர்டுகளில் டிபிஎம் 2.0 உள்ளேயே இருக்கிறது, பயாஸில் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்டெலில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருக்கும். அதைவிடப் பழைய கணினிகளில் ரூஃபஸ் வழியாகச் சோதனையைத் தாண்டலாம். ஆனால் அப்படிப் போட்டதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. கோர் 2 டியோ காலத்துச் சிப்களில் 24எச்2 பூட்டே ஆகாது. சிப்பில் அதற்கான கட்டளையே கிடையாது, எந்தத் தந்திரமும் உதவாது. அந்த வயதுக் கணினிக்கு லினக்ஸ் போடுவதே மரியாதை.

டிஸ்க் பட்டியல் காலி

அதிகம் பேரைக் குழப்புவது இந்தத் திரை. பயாஸில் 512 ஜிபி எஸ்எஸ்டி பெயரோடு தெரிகிறது. பழைய விண்டோஸும் நேற்றுவரை ஓடியது. இன்ஸ்டாலர் மட்டும் டிஸ்க்கே இல்லை, டிரைவர் கொடு என்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று புதிதாக வாங்கிவிடுகிறார்கள், புதியதும் தெரியாது.

இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்எஸ்டி நேராகச் சிப்போடு பேசுவதில்லை. நடுவில் விஎம்டி என்ற கட்டுப்பாட்டுக் கருவி நிற்கிறது. அதற்கான டிரைவர் மைக்ரோசாஃப்டின் ஐஎஸ்ஓவில் பெரும்பாலும் இருப்பதில்லை, தொழிற்சாலையில் போட்ட விண்டோஸில் இருக்கிறது. அதனால்தான் நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை.

வழி இரண்டு. ஒன்று, பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது. துடைத்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறவர்களுக்கு இதுதான் சுலபம். ஏசரில் அந்த வரியே கண்ணில் படாது. பயாஸின் 'மெயின்' பக்கத்தில் நின்று கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால்தான் தலைகாட்டும். பழைய விண்டோஸ் உள்ளே இருக்கவேண்டும் என்றால் மட்டும் அணைக்காதீர்கள். அது விஎம்டி வழியாகவே பூட் ஆகிப் பழகியது, அடுத்த முறை 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்று விழுந்துவிடும்.

இரண்டாவது, டிரைவரைக் கொடுப்பது. மடிக்கணினி நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு உரிய 'ரேப்பிட் ஸ்டோரேஜ்' டிரைவரை இறக்குங்கள். வருவது ஒரு இஎக்ஸ்இ கோப்பு. அதை அப்படியே தம்ப் டிரைவில் வைத்தால் இன்ஸ்டாலருக்குப் புரியாது. வேறொரு கணினியில் அதை '-எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' போன்ற சேர்க்கையோடு ஓடவிட்டு, ஐஎன்எஃப் கோப்புகள் இருக்கும் அடைவாகப் பிரித்து வைக்கவேண்டும். பிறகு 'லோட் டிரைவர்', 'பிரவுஸ்', அந்த அடைவு. பட்டியல் வெறுமையாக இருந்தால், பொருந்தாத டிரைவர்களை மறைக்கும் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துப் பாருங்கள். 24எச்2இன் புதிய இன்ஸ்டாலர் முரண்டுபிடித்தால் ஆரம்பத் திரையிலேயே கீழே பழைய இன்ஸ்டாலருக்குப் போகும் இணைப்பு சின்னதாக இருக்கும். பழையதே தேவலை என்பது என் கட்சி.

பயாஸிலேயே டிஸ்க் தெரியவில்லை என்றால் கதை வேறு. மதர்போர்டில் நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டிகளில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். தங்கப் பற்களின் நடுவே இருக்கும் வெட்டைப் பாருங்கள்: இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. பழைய மடிக்கணினிகள் சிலவற்றின் துளைக்குச் சாட்டா மட்டும்தான் தெரியும். அதில் என்விஎம்இயைச் செருகினால் செருகிக்கொள்ளும், ஆனால் கண்டுகொள்ளாது. மேசைக் கணினிகளில் இன்னொரு சங்கடம்: எம்.2 துளையில் எதையாவது போட்டால் சில மதர்போர்டுகளில் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு தானாகச் செத்துவிடும். எந்தத் துளை என்பது மதர்போர்டின் கையேட்டில் ஒரு அட்டவணையாக இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் மறுக்கிறது

"இந்த டிஸ்க்கில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, யூஇஎஃப்ஐ கணினியில் ஜிபிடிதான் வேண்டும்" என்று ஒரு வரி வரும். நேர் எதிராகவும் வரும். டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் அட்டவணையில் எம்பிஆர் பழைய வகை, ஜிபிடி புதிய வகை. இரண்டும் ஒரே கதை: தம்ப் டிரைவ் எந்த முறையில் பூட் ஆனதோ, டிஸ்க்கும் அதே முறையில் இருக்கவேண்டும். பூட் மெனுவில் உங்கள் தம்ப் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸ் 11க்கு முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும்.

டிஸ்க்கில் எதுவும் வேண்டாம் என்றால் அந்தத் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புச் சாளரம் திறக்கும். 'டிஸ்க்பார்ட்', பிறகு 'லிஸ்ட் டிஸ்க்'. இப்போது நிதானம். எண்ணைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். 512 ஜிபி எஸ்எஸ்டி இங்கே 476 ஜிபி என்று காட்டும். 1 டிபி என்றால் 931. 256 ஜிபி என்றால் 238. 32 ஜிபி தம்ப் டிரைவ் 28, 29 என்று நிற்கும். வலது கோடியில் 'ஜிபிடி' என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த டிஸ்க் ஏற்கெனவே ஜிபிடிதான். டிஸ்க் 0 எப்போதும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிதான் என்று நம்பி, படம் வைத்திருந்த வெளி டிஸ்க்கைத் துடைத்தவர்கள் இருக்கிறார்கள். சரியானதைச் 'செலக்ட் டிஸ்க்' என்று எண்ணோடு தேர்ந்து, 'கிளீன்', 'கன்வர்ட் ஜிபிடி'. 'கிளீன்' உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்காது. என்டர் தட்டிய நொடியில் முடிந்துவிடும்.

உள்ளே இருப்பது வேண்டும் என்றால் 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஓடும் விண்டோஸுக்குள்ளிருந்து முதலில் '/வேலிடேட் /டிஸ்க்:0 /அலவ்ஃபுல்ஓஎஸ்' என்று சோதனை, பிறகு '/கன்வர்ட்'. முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுக்கும். மாற்றியபின் பயாஸில் முறையை யூஇஎஃப்ஐக்குத் திருப்ப மறந்தால் கணினி எழாது.

கணினியில் இரண்டு மூன்று டிஸ்க் இருந்தால் போடும்போது ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். வேறொரு டிஸ்க்கில் ஏற்கெனவே இஎஃப்ஐ பகுதி (பூட் கோப்புகளுக்கான இடம்) இருந்தால் விண்டோஸ் தன் பூட் கோப்புகளை அங்கே கொண்டுபோய் வைக்கும். ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றும்போதுதான் தெரியவரும், எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருக்கிறது, ஆனால் எழுப்ப ஆளில்லை. தம்ப் டிரைவிலிருந்து பூட் செய்து, எஸ்எஸ்டியில் ஒரு இஎஃப்ஐ பகுதி உண்டாக்கி, எழுத்து கொடுத்து, 'பிசிடிபூட்' கட்டளையால் பூட் கோப்புகளை அங்கே எழுதலாம். முடியும் காரியம்தான். ஆனால் முதலிலேயே ஒரு சாட்டா கேபிளைக் கழற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நகலெடுக்கையில் நின்றால்

37 விழுக்காடு, 62 விழுக்காடு என்று ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரேமைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் ஐஎஸ்ஓ அல்லது தம்ப் டிரைவ். 80070570 என்ற எண் வரும். கோப்பு கெட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கே கெட்டது என்று சொல்லாது.

ஐஎஸ்ஓவைச் சோதிக்க 'செர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல்' என்று கோப்பின் பெயரையும் 'எஸ்எச்ஏ256' என்பதையும் கொடுத்தால் 64 எழுத்து நீளத்தில் ஒரு வரி தரும். பதிவிறக்கப் பக்கத்தில் இருப்பதோடு அது எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். பொருந்தினால் வேறு தம்ப் டிரைவ், மேசைக் கணினியில் பின்பக்கத் துளை. முன்பக்கத் துளைகள் நீளமான உள்கேபிள் வழியாக வருவதால் தகராறு செய்வது அதிகம்.

ரேமில் முதலில் பார்க்கவேண்டியது எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்ற வேகக் கூட்டல். பயாஸில் அதை அணைத்துவிட்டுப் போடுங்கள், பிறகு திரும்ப இயக்கலாம். விண்டோஸ் தினமும் ஓடும்போது கண்ணில் படாத சின்னப் பிழை, பல ஜிபியை ஒரே மூச்சில் விரித்து எழுதும்போது வெளிவந்துவிடும். அப்புறமும் நின்றால் ஒரு ரேமை மட்டும் வைத்து முயலுங்கள், பிறகு மற்றதை. மெம்டெஸ்ட்86+ஐ ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேம் வேண்டாம்.

நம்மூர் சிங்கப்பூரில் ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். குளிர்சாதனம் இல்லாத அறையில் பல ஆண்டுகள் இருந்த கணினியின் ரேம் பற்கள் மங்கிப்போயிருக்கும். பவரை எடுத்து, ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிப்பானால் பற்களின் மேல் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். தூளை ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். இரண்டு பக்கத் தாழ்ப்பாளும் 'டக்' என்று விழும்வரை அழுத்திச் செருகவேண்டும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பழைய மேசைக் கணினிகளில் பல நேரம் வேலை இதோடு முடிந்துவிடும்.

டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கணினி முதல் முறை பல நிமிடம் கறுப்பாகவே நிற்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டுப் பவரைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ரீஸ்டார்ட் ஆனபிறகு

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி மொழி கேட்கும் திரையே வந்தால் அது பழுது அல்ல. கணினி மீண்டும் தம்ப் டிரைவிலிருந்து பூட் ஆகியிருக்கிறது. உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தும்போது சி1900101 என்று தொடங்கும் எண் வந்தால் ஏதோ ஒரு டிரைவர் முட்டுக்கட்டை போடுகிறது. பிரிண்டர், வெளி டிஸ்க், டாக் எல்லாவற்றையும் கழற்றி, வேறு நிறுவன ஆண்டிவைரஸை நீக்கிவிட்டு முயலுங்கள்.

பெயர், வைஃபை, விசைப்பலகை

இங்கே வருவது தொழில்நுட்பச் சிக்கலே அல்ல, ஆனால் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். அடையாள அட்டையில் இருப்பதுபோலவே முழுப்பெயரையும் 'எஸ்/ஓ', 'டி/ஓ'வோடு தட்டுகிறார்கள். விண்டோஸ் பயனர் பெயரில் சாய்கோடு கூடாது. பிழைச் செய்தியும் தெளிவாக இருக்காது. இடைவெளி இல்லாமல், ஆங்கிலச் சிற்றெழுத்தில் சுருக்கமாக ஒரு பெயர் கொடுங்கள். தமிழ் எழுத்தில் கொடுத்தால் விண்டோஸ் வாங்கிக்கொள்ளும், அடைவின் பெயரும் தமிழிலேயே அமையும், பிறகு ஏதாவது ஒரு பழைய மென்பொருள் அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் திணறும். திரையில் தெரியும் பெயரைப் பிறகு தாராளமாகத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். அடைவின் பெயரைத்தான் மாற்றுவது கடினம்.

விசைப்பலகை இன்னொரு கண்ணி. சிங்கப்பூரில் விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் அமெரிக்க அமைப்புத்தான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தைத் தேர்ந்துவிட்டால் ஷிஃப்ட்டோடு 2ஐ அழுத்தும்போது அட் குறிக்குப் பதிலாக இரட்டை மேற்கோள் வரும். கடவுச்சொல் தட்டும் இடத்தில் புள்ளிகள்தானே தெரியும்? அட் குறி வைத்த கடவுச்சொல்லை அமைத்துவிட்டு, பிறகு விசைப்பலகையை மாற்றியதும் உள்ளே நுழைய முடியாமல் நிற்பார்கள். நேரமும் நாணயமும் 'இங்கிலீஷ் (சிங்கப்பூர்)', விசைப்பலகை 'யூஎஸ்' என்று வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகளை எல்லாம் முடிந்தபின் 'டைம் அண்ட் லாங்க்வேஜ்' பகுதியில் சேர்க்கலாம். லினக்ஸ் போடும்போது தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்துவிட்டால் பயனர் பெயர்க் கட்டத்தில் ஒன்றுமே தட்ட முடியாமல் போகும், அங்கேயும் இதே வரிசைதான்.

வைஃபை பட்டியல் வெறுமையாக இருந்தால் டிரைவர் இல்லை. இணையம் இல்லாமல் தாண்ட வைத்திருந்த குறுக்குக் கட்டளையை மைக்ரோசாஃப்ட் புதிய பதிப்புகளில் நீக்கிவருகிறது, அதை நம்பி உட்காராதீர்கள். ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளால் இணைத்து, அதில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் வேலை நடந்துவிடும். அதற்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஐஃபோனுக்கு ஆப்பிளின் டிரைவர் வேண்டும், எனவே இந்த நேரத்துக்கு உதவாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ரவுட்டர் வாசல் பக்கம் இருந்தால் கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் லேன் கேபிளில் மாட்டுவது இன்னும் நல்லது. நூலகத்தின் பொது வைஃபையை வைத்து முடிக்கலாம் என்று எண்ணவேண்டாம். அதற்குத் தனியாக உள்நுழையவேண்டும், இன்ஸ்டாலர் திரையில் அது பெரும்பாடு.

பழைய கணினி வாங்கியவர்களுக்கு: துடைத்துப் புதிதாகப் போட்ட பிறகும், இணையத்தில் இணைந்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வந்தால், அந்தக் கணினி இன்னும் அந்த நிறுவனத்தின் நிர்வாகப் பட்டியலில் இருக்கிறது. எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் வரும், ஏனென்றால் பதிவு டிஸ்க்கில் இல்லை, வன்பொருளின் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்டின் பக்கம் இருக்கிறது. நீக்கவேண்டியது அவர்கள்தான். காசு கொடுக்குமுன் இணையத்தோடு இணைத்து அந்தத் திரை வரை பார்த்துவிடுங்கள். உயர்நிலைப்பள்ளி மாணவரின் கற்றல் கருவியிலும் (பள்ளி நிர்வகிக்கும் கணினி) கைவைக்காதீர்கள். நிர்வாகத்தில் பதிந்த குரோம்புக் துடைத்த பிறகும் தானாகப் பள்ளிக் கணக்கைக் கேட்கும்.

பக்கத்தில் லினக்ஸும் வேண்டும் என்றால்

முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முடியாது. என்விடியா அட்டை உள்ள கணினியில் திரை கறுத்தால் லினக்ஸின் பூட் மெனுவான குரூப்பில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து, எஃப்10. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு 'எஸ்பாட்' என்ற சொல்லோடு லினக்ஸ் எழ மறுத்தால் செக்யூர் பூட்டை அணைத்து லினக்ஸில் நுழைந்து 'சுடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பாட்-பாலிசி டிலீட்' கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து, லினக்ஸில் ஒருமுறை நுழைந்தபின் செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள்.

இரண்டும் ஓடத் தொடங்கியதும் கடிகாரம் கெடும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் மாலை 3 மணி காலை 7 மணி என்று காட்டும். சரியாக 8 மணி நேரம். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. நமக்கும் பொது நேரத்துக்கும் இடைவெளி 8. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று கொடுத்தால் சரியாகும். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் இது சிக்கலாகும் என்று எச்சரிப்பார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லை, தயங்காமல் செய்யலாம்.

வித்தியாசம் 8 மணி நேரமாக இல்லாமல், சுவிட்சை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பல ஆண்டு பின்னால் போனால் அது சிஆர்2032 பொத்தான் பேட்டரி. தேதி தப்பினால் பாதுகாப்பான இணையத் தளங்கள் திறக்காது, புதுப்பிப்பும் இறங்காது. பேட்டரியைக் கழற்றும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் பிடியுங்கள். கழற்றியதும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போகலாம். நீங்கள் அணைத்து வைத்த விஎம்டி திரும்ப எழுந்துகொண்டு, நேற்றுப் போட்ட விண்டோஸ் டிஸ்க்கைக் காணவில்லை என்று சொல்லும்.